தலைமைச் செவி

நற்செவிக் கழகத்தின் படியேறுவதற்கு முன்பு அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு மீசை இருந்தது. இருபத்தாறு வருஷத்து மீசை. கல்யாண போட்டோவில் அவரைவிட அதுதான் தெளிவாக விழுந்திருக்கிறது. ப்ரீஆம்ப் வாங்கப் போன மனிதர் எதற்காக மீசையைப் பறிகொடுத்தார் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அந்தக் கழகத்தில் எதற்குமே ஒரு வரியில் பதில் கிடையாது.

விஷயம் ரொம்பச் சின்னது. அவர் வீட்டுக் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் நன்றாகவே இருந்தன. அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த ப்ரீஆம்ப் மட்டும் ஒரு மழை நாளில் கரண்ட் எகிறிப் புகைந்துபோனது. ப்ரீஆம்ப் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பாட்டோ படமோ, உள்ளே வருகிற மெல்லிய சத்தத்தை வாங்கி, கூட்டிக் குறைத்து, இன்ன சத்தம் இன்ன ஸ்பீக்கருக்கு என்று பிரித்து அனுப்புகிற பெட்டி, அவ்வளவுதான். இதை இப்படிச் சொன்னதற்காகவே கழகத்தில் என்னைப் படியேற விடமாட்டார்கள்.

மெக்கானிக்கின் மனைவி பதினெட்டு வருஷம் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடுகிற இடம். அங்கே யாரும் தொண்டையைத் திறந்து பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. வெறும் வாயை அசைப்பார்கள், எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அடுத்த வரிசைக்காரியின் மாமியார் சண்டை முழுவதையும் இப்படித்தான் அவள் சத்தமில்லாமல் கேட்டு முடித்தாள். வேலையை விட்டு வந்தபோது தொழிற்சாலை அவள் காதுகளைத் தன்னோடு வைத்துக்கொண்டது. வலது காதில் ஒரு மெஷின் மாட்டியிருக்கிறாள். அது கொஞ்சம் கைகொடுக்கும்.

படம் பார்ப்பதுதான் பிரச்சினை. படத்தில் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள், மீதிப் பேர் இருட்டில் பேசுகிறார்கள். பின்னணி இசையோ எல்லார் பேச்சையும் விழுங்கிவிடுகிறது. முதலில் அவள், "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். இவர் சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இவர் சிரித்ததும் இவர் முகத்தைப் பார்த்து, ஒரு நொடி தாமதமாக, அவளும் சிரிப்பாள். அந்த ஒரு நொடி இவருக்கு முள்ளாகக் குத்தியது. அவள் இவருக்காகச் சிரிக்கிறாள் என்று தெரிந்த பிறகு படம் பார்க்கவே பிடிக்கவில்லை.

வழக்கமாக ரிப்பேர் பார்க்கிறவர் புகைந்த பெட்டியைத் திறந்து, மூடி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது அவ்வளவுதாண்ணே. புதுசு வாங்கறப்போ பேச்சுக்குன்னு தனியா ஒரு திருகு வச்ச பெட்டியாப் பாருங்க. அடிதடி, மியூசிக் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பேசறது மட்டும் மேல ஏறும். அக்காவுக்கு அது போதும்."

"எங்க கிடைக்கும்?"

"கடையில கிடைக்கும். ஆனா கடைக்காரன் கழகத்துச் சீட்டு கேப்பான்." ரிப்பேர்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு இவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க மீசை நல்லா இருக்குண்ணே" என்றார். அது ஏன் என்று அப்போது இவருக்குப் புரியவில்லை.

கடையில் அப்படியேதான் நடந்தது. நல்ல பெட்டி தகுதியில்லாத காதில் விழுந்து வீணாகக் கூடாது என்று கழகம் எப்போதோ கடைகளோடு பேசி ஒரு ஏற்பாடு செய்திருந்தது. சீட்டு இருந்தால் பெட்டி, இல்லையென்றால் சுவரில் மாட்டுகிற கடிகாரம் ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம்.

கழகத்தின் கேட்புக்கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. கனமான கதவு, நடுவில் வட்டமாகக் கண்ணாடி. பகல் முழுவதும் அந்தக் கதவு மூடாமல் இருக்க ஒரு கறுப்புப் பெட்டியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். மெக்கானிக்கின் கண் முதலில் கதவின் மேலே இருந்த ஸ்பிரிங்குக்குத்தான் போனது. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் கதவோடு மல்லுக்கட்டியவர் அல்லவா.

"ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கியிருக்காங்க சார். முட்டு நகர்ந்தா கதவு பேயா அடிச்சிடும். ரெண்டே நிமிஷம், நான் தளர்த்தி விட்டுடறேன்."

"இங்கே எதையும் கேட்காமல் தொடக் கூடாது" என்றார் எதிரே வந்தவர். அவர் கழகத்தின் செயலாளர். அங்கே அப்படிச் சொல்லக் கூடாது, செயற்செவி என்று சொல்ல வேண்டும். தலைவர் தலைமைச் செவி. மற்ற உறுப்பினர்கள் தகுதிப்படி முதல் செவி, இடைச் செவி, பொதுச் செவி. எல்லாரும் வழுவழுவென்று மழித்திருந்தார்கள்.

மெக்கானிக் குனிந்து முட்டுப் பெட்டியைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது ஒரு ப்ரீஆம்ப். முகப்பில் நாலு திருகுகள், அதில் ஒன்றின் கீழே 'பேச்சு' என்று எழுதியிருந்தது.

"சார், இது... எனக்கு இந்த மாதிரிதான் வேணும்."

செயற்செவியின் முகம் சாக்கடையை மிதித்தவர் போல ஆனது. "அது தள்ளுபடி செய்யப்பட்டது. பேச்சை மட்டும் தூக்கிக் காட்டுகிற பெட்டி. கலைஞன் எந்த அளவில் முணுமுணுத்தானோ அந்த அளவில்தான் நாம் கேட்க வேண்டும். என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளத் துடிப்பது ஒரு கீழ்நிலை ஆசை. நான் இருபது வருஷமாகப் படங்களைக் கேட்கிறேன். ஒரு படத்தின் கதைகூட எனக்குத் தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை."

பெருமைக்காகத்தான் சொன்னார்.

விண்ணப்பத்தில் நாற்பத்தோரு கேள்விகள். 'மௌனத்தில் நீங்கள் உணரும் நிறம் எது?' என்று ஒன்று. 'உங்கள் வீட்டு மின்சாரம் எந்த ஆற்று நீரில் உற்பத்தியானது, அதன் குணம் ஒலியில் தெரிகிறதா?' என்று இன்னொன்று. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவதாக மெக்கானிக் எழுதினார். செயற்செவி அதைப் படித்துவிட்டு, "அதனால்தான்" என்றார். எதனால் என்ன என்று சொல்லவில்லை.

பிறகு விதிகளை வாசித்தார். கூடத்தில் விளக்கை மங்கலாக்கக் கூடாது, இருட்டில் ஒலி சோம்பிவிடும். தலைமைச் செவிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நின்று பேசக் கூடாது, அது மரியாதைக் குறைவு. தேர்வுக்கு முந்தைய மூன்று நாள் இரைச்சலான வேலைக்குப் போகக் கூடாது. உள்ளே வரும் ஆண்களுக்கு மீசை தாடி கூடாது.

"மீசைக்கும் காதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"மேலுதட்டு முடி நுண்ணிய அதிர்வுகளை உறிஞ்சுகிறது. தலைமைச் செவியின் நேரடிக் கண்டுபிடிப்பு. அவர் தலைமை ஏற்ற அன்றே இந்த நான்கு விதிகளையும் கொண்டுவந்தார். அவர் காது அப்படிப்பட்டது."

மெக்கானிக் மூன்று நாள் லீவு போட்டார். அவர் பார்த்துக்கொள்ளும் கட்டிடத்தில் இரண்டாம் நாளே லிஃப்ட் நின்று, ஏழாவது மாடிக்காரர்கள் அவரைத் திட்டிக்கொண்டே படியேறினார்கள். மூன்றாம் நாள் மீசையும் போனது. துடைத்துக்கொண்டே குளியலறையிலிருந்து வெளியே வந்தவரை மனைவி கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள்.

"யாருங்க நீங்க? வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார், அப்புறமா வாங்க."

"சிரிக்காத. எல்லாம் உனக்காகத்தான்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எல்லாம் உனக்காகத்தான்னேன்."

"எவ்வளவு தெளிவாத் தெரியுது!" என்றாள். "இத்தனை வருஷமா நீங்க புதருக்குள்ள இருந்துல்ல பேசிட்டு இருந்தீங்க." பேச்சு அவ்வளவுதான், ஆனால் அன்று முழுக்க அவரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேர்வு நாளன்று இருவரும் போனார்கள். வீட்டில் கேட்கிற அனைவரும் வர வேண்டும் என்பது ஐந்தாவது விதி. செயற்செவி முட்டுப் பெட்டியைக் காலால் ஒதுக்கிவிட்டு, முண்டியடித்த கதவை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாகச் சாத்தினார். பிறகு ஒரு தட்டை மனைவியின் முன்னால் நீட்டினார்.

"வெளி மின்சாதனங்களுக்கு அனுமதி இல்லை. காதில் இருப்பதைக் கழற்றுங்கள்."

"சார், அது இல்லேன்னா இவளுக்கு..."

"விதி."

அவள் மெஷினைக் கழற்றித் தட்டில் வைத்தாள். காது கேட்காதவளின் காதுக் கருவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காதுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். மெக்கானிக்குக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சீட்டு வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டார்.

கூடத்தின் நடுவில் உயர்ந்த நாற்காலியில் தலைமைச் செவி உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தலை, கூர்மையான கண்கள். யார் வாய் திறந்தாலும் உடனே முகத்தை அவர் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தார். மற்ற செவிகள் ஆறு பேர் அரைவட்டமாக அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தரை அதிர்ச்சி தாக்காமல் வயர்களைச் சின்னச் சின்னத் தலையணைகளில் படுக்க வைத்திருந்தார்கள். இடைச் செவி ஒருவர் மண்டியிட்டு அவற்றைத் தடவிக்கொடுத்தார். தடவாவிட்டால் மின்சாரம் கலக்கத்தோடு போகுமாம்.

திரைக்குப் பின்னால் மூன்று ப்ரீஆம்புகள். மூன்றிலும் ஒரே நாற்பது நொடி தாளச் சத்தம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஸ்பீக்கர்களுக்கு ஐந்து நிமிஷ ஓய்வு.

"இரண்டாவதில் காற்று எப்படி இருந்தது?" என்றார் செயற்செவி.

"ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கே சார்."

"ஒலியில் இருந்த காற்று."

"எனக்கு மூணும் ஒரே மாதிரிதாங்க கேட்டுது."

அரைவட்டம் முழுவதும் பெருமூச்சு விட்டது. ஒரு முதல் செவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே கேள்வியை மனைவியிடமும் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. மெஷினை வாங்கி வச்சுக்கிட்டீங்களே" என்று உள்ளதைச் சொன்னாள்.

தீர்ப்பு அறை கூடத்தின் மூலையிலேயே இருந்தது. நாலு பக்கமும் கண்ணாடி. சத்தம் வெளியே வராது, ஆனால் ஆட்கள் பளிச்சென்று தெரிவார்கள். "எங்களிடம் ஒளிவு மறைவு கிடையாது. நாங்கள் ஆலோசிப்பதை விண்ணப்பதாரர் கண்ணாலேயே பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செயற்செவி உள்ளே போனார். பிரகாசமான விளக்கின் கீழே எட்டுப் பேரும் மழித்த முகத்தோடு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கின் பக்கம் சாய்ந்து, பாட்டில் வரிசையில் நிற்பவள் போல எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"குண்டா இருக்காரே, அவர் கேக்கறார், 'மூணுல எது எது வாசிச்சுது?' செயலாளர் சொல்றார், 'எல்லாம் ஒரே பெட்டிதான். மத்த ரெண்டுக்கும் வயரே மாட்டல.' அவர் சொல்றார், 'அப்போ அந்த ஆள் சொன்னது சரி.' செயலாளர் சொல்றார், 'அதனாலதான் ஆபத்து.'"

"அப்புறம்?" என்று அவர் அவள் பார்க்கும்படி கையை அசைத்துக் கேட்டார்.

"கண்ணைத் துடைச்சாரே, அவர் தூங்கிட்டாராம். போன தடவை எழுதினதையே எழுதிக்கச் சொல்றார்." அவள் புருவத்தைச் சுருக்கினாள். "என்னைப் பத்திப் பேசறாங்க. 'செவிட்டுப் பொம்பளை இருக்கற வீட்டுக்கு நம்ம சீட்டு போச்சுன்னா கழகத்துக்கு என்ன மரியாதை?'"

மெக்கானிக் எழுந்துவிட்டார். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கண் இப்போது தலைமைச் செவியின் மேலேயே இருந்தது.

அவர் அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பிக் கேட்டார். "அந்தப் பெரியவர் என்ன சொல்றார்?"

"'என்ன? என் பக்கம் திரும்பிச் சொல்லு.' வந்ததுலேர்ந்து அதையேதான் சொல்லிட்டு இருக்கார்." உள்ளே எரிந்த விளக்கையும் மழித்த முகங்களையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மீசை கூடாது. வெளிச்சம் குறையக் கூடாது. பின்னாடி நின்னு பேசக் கூடாது. ஏங்க, எனக்கு இப்படி ஒரு வீடு இருந்தா எவ்வளவு வசதியா இருக்கும்!"

மெக்கானிக்குக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. தானாகவே கை மேலுதட்டுக்குப் போனது.

எட்டுப் பேரும் வெளியே வந்தார்கள். செயற்செவி தாளை விரித்துப் படித்தார்.

"விண்ணப்பதாரர் பொதுச் செவியின் கடைநிலையில் தேறுகிறார். சீட்டு வழங்கப்படும். ஒரே நிபந்தனை. பெட்டி இயங்கும்போது அவருடைய மனைவி அந்த அறையில் இருக்கக் கூடாது. குறையுள்ள செவி அறையின் ஒலிச் சமநிலையைக் கெடுக்கும்."

"இவளுக்காகத்தான்யா பெட்டியே வாங்கறேன்!"

"பாசம் வேறு, ஒலி வேறு."

மனைவி அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். அதைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தலைமைச் செவியைப் பார்த்து உரக்கக் கேட்டாள்.

"ஐயா, உங்க நாற்காலிக்கு அடியில தீப்பிடிச்சு எரியுது, பாத்தீங்களா?"

தலைமைச் செவி கண்ணை மூடி ரசித்துத் தலையாட்டினார். "ஆமாம். மிகவும் இதமான வெதுவெதுப்பு. நானும் கவனித்தேன்."

மற்ற செவிகள் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் நோட்டை எடுத்து 'வெதுவெதுப்பு' என்று குறித்துக்கொண்டார்கள்.

அவள் தாளை இறக்கினாள். நேராக அவர் முன்னால் போய் நின்று, தொழிற்சாலையில் பேசுகிற மாதிரி, துளிச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். மெக்கானிக் பக்கத்தில் நின்றதால், இத்தனை வருஷம் அவளோடு வாழ்ந்த பழக்கத்தில் படித்துவிட்டார். 'எனக்கு ரெண்டு காதும் போச்சு. உங்களுக்கு?'

தலைமைச் செவியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது. 'சொல்லிடாதே.'

'என் காதைக் குறைன்னு எழுதினப்போ உங்களுக்கு வலிக்கலையா?'

 தலைமைச் செவி எழுந்து நின்று கூட்டத்துக்கு அறிவித்தார். "தீர்ப்பு திருத்தப்படுகிறது. இந்த அம்மையார் முதல் செவி. எந்தப் பெட்டி வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்."

"அம்மையார் இப்போது எதுவுமே பேசவில்லையே!" என்றார் செயற்செவி.

"அதைத்தான் சொல்கிறேன்" என்றார் தலைமைச் செவி. கூடத்தில் கைதட்டல் எழுந்தது.

அவள் தட்டிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். "அந்தக் கதவுக்கு முட்டு வச்சிருந்த பெட்டி. அதைத்தான் எடுத்துக்கப்போறேன். இங்கேயே போட்டுக் காட்டுங்க."

முதல் செவியின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பது அவர்களே எழுதிவைத்த விதி. தாளச் சத்தம் வாசித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கழற்றி, காலால் ஒதுக்கப்பட்டுக் கிடந்த பெட்டியைத் தூசு தட்டி மாட்டினார்கள். புதுப் பெட்டியில் போட்டுப் பார்க்க மெக்கானிக் பையில் கொண்டுவந்திருந்த நகைச்சுவைப் படத்தைக் கூடத்து டிவியில் போட்டார். 'பேச்சு' என்ற திருகை மனைவியே திருகினாள். இரண்டு சுற்று, மூன்று சுற்று. செவிகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டன. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

படத்தில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு டாக்டரிடம் சொன்னான். "எனக்கு ஞாபக மறதி டாக்டர்." "எத்தனை நாளா?" "எது டாக்டர்?"

அவள் வெடித்துச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மெக்கானிக் சிரித்தார். வசனத்துக்கு இல்லை, அவள் முகத்தைப் பார்த்து. சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

தலைமைச் செவி நாற்காலியில் சாய்ந்து, எல்லாரும் பார்க்கும்படி ஒரு விரலால் தாளம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் வயர்களைப் பிடுங்கி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சத்தம் நின்றது. கதவை அவரே இழுத்துத் திறந்து, மனைவியை முன்னால் விட்டு, வெளியே வந்து கையை எடுத்தார்.

முட்டுக்கொடுக்கத்தான் இப்போது எதுவுமில்லையே. கதவு இடி விழுந்த மாதிரி அறைந்து சாத்தியது. மாடிப்படிக் கைப்பிடி அதிர்ந்தது.

மனைவிகூடத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். செயற்செவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் நாற்காலியோடு சரிந்திருந்தார். வயரைத் தடவியவர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். பிறகு ஒவ்வொருவராக, மெதுவாக, தலையை நடு நாற்காலியின் பக்கம் திருப்பினார்கள்.

அங்கே தலைமைச் செவி கண்ணை மூடியபடி, ஓசையே இல்லாத அந்தக் கூடத்தில், ஒரு விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்.